மாமா நடக்கும் பாதை

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு என் வலது கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். "என்ன தெரியுது ஐயா?" என்று நர்ஸ் கேட்டாள். உலகத்தைப் படைத்து முடித்த பிரம்மாவிடம்கூட யாரும் இந்தக் கேள்வியை இத்தனை அலட்சியமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். "எல்லாம் தெரியுதும்மா, நீ சரியாத் தூங்கலங்கறது உட்பட" என்றேன். சிரித்தாள். பல் தெரிந்தது. மூன்று வருஷத்தில் நான் பார்த்த முதல் பல்.

அடுத்த அதிர்ச்சி என் சட்டை. காப்பித்தூள் நிறம், கம்பீரமான நிறம் என்று நம்பி இரண்டு வருஷமாகப் போட்டுத் திரிந்தேன். சுத்தமான கத்திரிப்பூ நிறம். இதைப் போட்டுக்கொண்டு ஏழு துக்க வீட்டில் முன்வரிசையில் நின்றிருக்கிறேன்.

அதற்கடுத்த அதிர்ச்சி வானம். நீலத்தை அரசாங்கம் எப்போதோ ஒழித்துவிட்டதென்று நினைத்திருந்தேன்.

நான் முத்திருளப்பன். வயது அறுபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை, பெண் குலம் தப்பித்தது. சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் நாற்பது வருஷமாகப் போஸ்டருக்கு வாசகம் எழுதுகிறேன். மதுரையில் காதுகுத்தோ கருமாதியோ, சுவரில் ஒட்டாவிட்டால் நடந்ததாகக் கணக்கில்லை. "இமயம் சரிந்தது! வைகை அழுதது!" என்ற வரி அடியேனுடையது. இதுவரை இருநூறு பேருக்கு இமயத்தைச் சரித்திருக்கிறேன். வைகையில் அழுவதற்குத் தண்ணீர் இல்லாத வருஷங்களிலும் அழ வைத்திருக்கிறேன்.

அக்கா மகள் தேன்மொழி ஓசூரில் டீச்சர். அக்கா போன பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே ரத்தம். நேற்று வந்து கையெழுத்துப் போட்டாள், இன்று மதியமே பரீட்சை டியூட்டிக்கு ஓடிவிட்டாள். போகும்போது சொன்னாள்: "இருபத்து மூணாந்தேதி ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன் மாமா. மூட்டையக் கட்டி வைங்க. இன்னொரு கண்ணு ஆப்ரேஷன் ஓசூர்லதான். அப்புறம் எங்ககூடயேதான்."

சரி என்றேன். இந்தப் புழுதி ஊரில் எனக்கு என்ன வைத்திருக்கிறது?

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். மூன்று வருஷமாக எனக்குப் பார்வை மங்கி, கடைசி இரண்டு வருஷம் ஏறக்குறைய இருட்டு. ஊரில் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பேன். அடி எண்ணித் தெருவைக் கடப்பேன். அச்சகத்தில் காகிதத்தை மூக்கருகே பிடித்து "அருமை" என்பேன். கண் தெரியாதவன் போஸ்டர் வேலை பார்க்கிறான் என்று வெளியே தெரிந்தால் அதோடு முத்திருளப்பன் என்றொரு ஆள் இல்லை. பதினைந்து லட்சம் பேரை ஒற்றை ஆளாக ஏமாற்றியவன் சரித்திரத்தில் நான் ஒருவன்தான். பிடிபடுவதற்குள் ஓசூர் போய்விடுவது ராஜதந்திரம்.

மார்ச் 6, வியாழன்

குனியக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குக் காரணம் கேட்ட பதினோரு பேரிடமும் 'மெட்ராஸ் ஐ' என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்துக் காயப்போட்டேன். ரசம் வைத்தேன். பிறகு, விட்டுப் போகப்போகும் ராஜ்ஜியத்தைப் பார்வையிடக் கிளம்பினேன்.

இந்த ஊரை நான் நாற்பது வருஷமாக ஏசி வந்திருக்கிறேன். தேன்மொழி சின்னப் பிள்ளையாக லீவுக்கு வரும்போதெல்லாம், "இது ஊரில்லை பாப்பா, சாக்கடைக்கு நடுவில் கட்டிய பஸ் ஸ்டாண்டு" என்பேன். இன்று அந்தச் சாக்கடை ஓரத்திலேயே எனக்கு முதல் அடி விழுந்தது. யானைக்கல் வாழைக்காய் மண்டி. பச்சை என்பது ஒரே நிறம் என்று எந்த மடையன் சொன்னான்? நாட்டுத்தாருக்கு ஒரு பச்சை, ரஸ்தாளிக்கு ஒரு பச்சை, வெட்டிய காம்பில் பால் வடியும் இடத்தில் ஒரு பச்சை. பார்த்துக்கொண்டே நின்றேன். சுமை தூக்கி வந்தவர், "வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லன்னா அங்கிட்டு நில்லுங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீக" என்றார்.

பாலத்தில் ஏறினேன். ஆற்றில் முழங்கால் ஆழத் தண்ணீரில் எருமை நின்றது. அதன் முதுகில் ஒரு கொக்கு, அந்தக் கொக்கின் கால் விரல் வரைக்கும் தெரிந்தது. திரும்பினால் கோபுரம். அதன் பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் கண் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கண். அத்தனையும் திறந்திருக்கிறது. நான் குருடனாக நடந்த இரண்டு வருஷமும் அவை என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன. மரியாதைக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். வெயில் அறைந்தது. போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் குருநாதன் வீட்டுத் தெரு. அந்தப் பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு அவன் அரசு பஸ் கண்டக்டர். பஸ்ஸில் ஏறிய ஒரு முகத்தையும் மறக்காதவன் என்று பேர். மூன்று வருஷத்துக்கு முன் அவன் மகள் கல்யாணத்தில், மண்டப வாசலில் கும்பிட்டு நின்ற அவனைக் கடந்து போய், பக்கத்தில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த வரவேற்புப் பொம்மையிடம் நான் "என்ன குருநாதா, சௌக்கியமா?" என்று கேட்டேனாம். நானூறு பேர் பார்த்தார்களாம். சம்பந்தி வீட்டார் சிரித்தார்களாம். சும்மா கட்டிவிட்ட கதை. அன்று முதல் பேச்சில்லை. நானும் போய் விளக்கம் சொல்லவில்லை. எதைச் சொல்வது?

மார்ச் 11, செவ்வாய்

எழுத்து கோணினால் கண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள்.

என் வீடிருக்கும் கிட்டங்கித் தெருவில், என் படியிலிருந்து அச்சக முக்கு வரை நீளமாக ஒரு கிட்டங்கிச் சுவர், உள்ளே சரக்கு மூட்டை. தினமும் அதைத் தடவிக்கொண்டுதான் நடப்பேன். இன்று கறுப்புக் கண்ணாடியோடு நிதானமாக வந்தேன். சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழ உயரம். பெயின்ட் வெளிறியிருக்கிறது, இரண்டு வருஷத்து வெயில் பட்ட எழுத்து.

"இங்கே வண்டி நிறுத்தாதீர். மாமா நடக்கும் பாதை."

இந்தப் பகுதியில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. பிறந்த குழந்தையிலிருந்து போஸ்ட்மேன் வரை எல்லோருக்கும் நான் மாமா.

ஊர் முழுக்கச் சுவரில் எழுதிப் பிழைத்தவன் நான். எனக்கே சுவரில் எழுதியிருக்கிறார்கள். நான் அதன் மேலேயே கையை வைத்துத் தடவிக்கொண்டு இரண்டு வருஷம் நடந்திருக்கிறேன். தெருவே அதைப் படித்திருக்கிறது, என்னைத் தவிர.

டீக்கடைச் சீனிச்சாமியிடம் போய் அலட்சியமாகக் கேட்டேன். "ஏப்பா, அந்தச் சுவத்துல என்னமோ எழுதியிருக்கே, யாரு மாமா அது?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆற்றும் டீ இத்தனை நேரம் ஆறி நான் பார்த்ததில்லை. "அதுவா? அது வேற மாமா, மாமா."

"வேற மாமாவா?"

"தெருவுக்கு எத்தன மாமா இருக்காக! ஒங்கள மட்டுமா எழுதுவாக?" என்றவன் சட்டென்று நிறுத்தி, "மெட்ராஸ் ஐ தேவலயா?" என்றான்.

மார்ச் 12, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. சுவரைத் தொடாமல் நடந்தேன். விழப் பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

துப்பறிவாளனானேன்.

தெருமுனைச் சாக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய். காலம்காலமாக அங்கேயே இருக்கிறதென்று நினைத்துப் பிடித்து வந்தேன். இன்று பார்த்தால் பற்றவைத்த இடம் புதிதாகத் தெரிகிறது. குழாயில் நான் பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வேறொரு கையும் அதில் பட்டதில்லை.

மெஸ்ஸில் சர்வர் தம்ளரை மேஜையில் வைக்காமல் என் கையில் கொடுப்பான். மரியாதை என்று நினைத்திருந்தேன். இன்று பக்கத்து இலைகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் டொக்கென்று வைக்கிறான். எனக்கு மட்டும் கையில்.

ரோட்டைக் கடக்கும்போது எப்போதும் யாராவது ஒருத்தர் "நானும் அந்தப் பக்கம்தான் மாமா" என்று பேச்சுக் கொடுத்தபடி கூட வருவார்கள். இன்று கூட வந்தவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அப்படியே திரும்பி இந்தப் பக்கம் வந்துவிட்டான். அவனுக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை.

பதினைந்து லட்சம் பேரை ஏமாற்றினேன் என்று நான்காம் தேதி எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மாலை ஆறு மணி. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கிட்டங்கிச் சுவரின் கடைசியில், யாரோ பழைய போஸ்டரைப் பாதி கிழித்திருந்தார்கள். அதற்கு அடியில் இன்னும் பழையது ஒன்று. கண்ணீர் அஞ்சலி. பேர் இருந்த பகுதி மழையில் போய்விட்டது. "இமயம் சரிந்தது! வைகை அழுதது!" மட்டும் மிச்சம். அதற்கு மேலே முகம்.

குருநாதன்.

பால் பாக்கெட் கையிலிருந்து விழுந்தது. குருநாதன் செத்துப்போயிருக்கிறான். வாசகம் நான் எழுதியிருக்கிறேன். வரியை மட்டும் வாங்கிப் போயிருப்பார்கள், யாருக்கென்று தெரியாமல் எழுதியிருக்கிறேன். எழுத்து வெளிறியதைப் பார்த்தால் இரண்டு வருஷமாவது இருக்கும். யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருஷமாக அவன் குரலை நான் எங்கேயும் கேட்கவில்லை. சண்டை போட்ட முதல் வருஷம், டீக்கடையில் நான் இருப்பது தெரிந்தே சத்தமாக என்னை ஏசுவான். அப்புறம் அந்தச் சத்தம் நின்றது. கோபம் தணிந்துவிட்டதென்று நினைத்தேன். ஆளே போய்விட்டானென்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஊரில் யாரும் சொல்லவில்லை. சண்டைக்காரனிடம் சொல்வானேன் என்று விட்டிருப்பார்கள். அவனைத் தூக்கிப் போகும்போது நான் எதிரில் நடந்து போயிருப்பேன்.

பூக்கடைக்குப் போய் ரோஜா மாலை வாங்கினேன். படத்துக்குப் போடுவது, அவன் மனைவி ராசாத்தியிடம் மன்னிப்புக் கேட்பது, உண்மையைச் சொல்வது என்று தீர்மானம். வெள்ளைச் சட்டைதானா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன். தெரு முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினேன்.

குருநாதன் கதவைத் திறந்தான்.

கைலியும் பனியனுமாக. வாயில் பல் குத்தும் குச்சி.

இமயம் சரியும் என்று இருநூறு முறை எழுதியிருக்கிறேன். சரிந்தால் எப்படியிருக்கும் என்று அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் மாலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "யாருக்குடா மாலை?"

மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

உள்ளேயிருந்து ராசாத்தி, "யாருங்க?" என்றாள்.

"நம்ம முத்து. எனக்கு மாலை வாங்கியாந்திருக்கான்." சொல்லிவிட்டு அவன் முகம் மெல்ல மாறியது. "டேய்... கிட்டங்கிச் சுவத்துல பாத்தியா? எரநூறு போஸ்டர்ல ஒண்ணு நின்னுபோச்சா? நூத்தித் தொண்ணூத்தொம்போதக் கிழிச்சேன்டா! இது மேல எவனோ உடனே ஒட்டிப்பிட்டான் போலருக்கு."

"நீ... நீ கிழிச்சியா?"

"பெறகு? டிரைவர் காசிலிங்கம் செத்தப்ப, அவன் வீட்டுல நாங்க சேந்து எடுத்த குரூப் போட்டோவக் குடுத்திருக்காக. நீ பெரிய இவனாட்டம் வெரல வச்சு 'இந்தத் தலைய வெட்டு'ன்னு கம்ப்யூட்டர்ல ஒக்கார்ற பர்வீன் புள்ளட்ட காட்டிருக்க. அவ வேலைக்கிச் சேந்து மூணு நாளு, அவளுக்கு எந்தத் தல யாருதுன்னு தெரியுமா? வெட்டிப்பிட்டா. காலைல டீ குடிக்கப் போறேன், சீனிச்சாமி என்னையப் பாத்துக் கிளாசக் கீழ போட்டான். நான் செத்தது எனக்கே தெரியலடா!"

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குருநாதன் சிரிக்கவில்லை. "கல்யாணத்துல மதிக்காமப் போனவன், இப்பக் கருமாதியும் பண்ணிப்புட்டானேன்னு, ஒன்னைய வெட்டிப் போடணும்னுதான் அச்சகத்துக்கு வந்தேன். வாசல்ல நீ அந்தப் போஸ்டரக் கையில வச்சுக்கிட்டு நின்ன. 'படம் கண்ணு முன்னாடி நிக்கிதும்மா, அருமை'ன்னு அந்தப் புள்ளட்டச் சொல்ற." வாயிலிருந்த குச்சியை எடுத்தான். "தலைகீழாப் பிடிச்சிருந்தடா."

மாலையை இடது கைக்கு மாற்றினேன்.

"அப்பத்தான் வெளங்குச்சு. அன்னிக்கு மண்டபத்துலயும் நீ என்னைய அவமானப்படுத்தலன்னு. திரும்பிட்டேன். அதோட ஒன்னைய ஏசுறத விட்டேன். பேசுனா எதுக்குப் பேசுறேன்னு கேப்ப, அதச் சொல்லணும். அதான் பேசவும் இல்ல."

இதுதான் நான் எதிர்பார்த்துப் போன நேரம். மன்னிப்பு, உண்மை, எல்லாம் நாக்கு நுனியில். ஆனால் என் வாய் நாற்பது வருஷப் பழக்கத்தில் திறந்தது. "எனக்குக் கண்ணுக்கு என்ன கேடு? மெட்ராஸ் ஐ" என்றேன். மாலையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு நடந்தேன். ஓடினேன் என்றால் மிகையில்லை.

மார்ச் 17, திங்கள்

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை. ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்தேன்.

மார்ச் 19, புதன்

அச்சகம் போனேன். பர்வீன் கம்ப்யூட்டரில் ஒரு காதுகுத்து விழாவுக்கு மொட்டை போட்ட குழந்தையை யானை மேல் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக எனக்குக் கைகால் மாதிரி இருப்பவள், முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஏம்மா, அந்தக் குருநாதன் படத்துக்கப்புறம் நான் ஓகே பண்ண படமெல்லாம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"ஒண்ணுகூடத் தப்பாப் போகல?"

"போகல மாமா."

"எப்பிடி?"

அவள் மவுஸைக் கீழே வைத்தாள். தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். குருநாதன் பேரில் ஒரு வாட்ஸ்அப். இவள் படத்தை அனுப்பியிருக்கிறாள், அவன் பதில் போட்டிருக்கிறான். "தலை சரி." அடுத்தது. "தலை சரி." "இது அண்ணன் இல்லை, தம்பி. மாத்து." "தலை சரி." மேலே தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன். தீபாவளியன்று ஒன்று. அவன் பேரன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று. ஊரில் எல்லா முகமும் தெரிந்த கண்டக்டர், இரண்டு வருஷமாக என் வேலையை வீட்டிலிருந்து பார்த்திருக்கிறான்.

"மொதலாளிக்கு?"

"தெரியும் மாமா. அவருதான் குழாய் வாங்கிக் குடுத்தாரு. சுவத்துல எழுதுனது எங்கண்ணன்." பிறகு மெதுவாக, "தேன்மொழி அக்காவுக்குப் போன் பண்ணி ஆப்ரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னதும் குருநாதன் மாமாதான். நீங்க ஓசூருக்கே போயிருவீகன்னு அவரு நெனைக்கல. தெரிஞ்ச அன்னிக்கு டீயே குடிக்காமப் போனாரு."

நான் எழுந்து வெளியே வந்தேன். வெயில். சிம்மக்கல் முழுக்க ஆட்டோ, கூச்சல், சுவருக்குச் சுவர் நான் எழுதிய பொய். இந்த ஊரில் உண்மையாக எழுதப்பட்ட வாசகம் ஒன்றுதான். அதை நான் எழுதவில்லை.

மார்ச் 21, வெள்ளி

தேன்மொழிக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றேன். இருபது நிமிடம் பேசினாள். அதில் என் பங்கு மூன்று "ம்". எப்படியும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவாளாம், என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவாளாம். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தாள். மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒத்தக் கண்ணோட இங்க தனியா ஒக்காந்து என்ன பண்ணப் போறீங்க? இடது கண்ணுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? ஆப்ரேஷன் முடிஞ்சா யாரு பாப்பா? யாரு இருக்கா மாமா இங்க ஒங்களுக்கு?"

எழுந்து நின்றேன். தொண்டையைச் சரிசெய்தேன். "கூடல் மாநகரத்தின் பதினைந்து லட்சம்..."

"போஸ்டர் வாசகம் வேணாம் மாமா. பேரச் சொல்லுங்க. ஒரே ஒரு பேரு."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். குருநாதன். இந்த வீட்டுப் படியேறி மூன்று வருஷமாகிறது. மூச்சு வாங்கியது. "பெட்டி கிட்டி தூக்கணும்னா கூப்புடும்மா" என்று தேன்மொழியிடம் மட்டும் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். கை விரலில் கண்டக்டர் காலத்துத் தழும்பு. அதுவரைக்கும் தெரிந்தது எனக்கு.

"குருநாதா" என்றேன். "அன்னிக்கு மண்டப வாசல்ல ஒன்னைய எனக்குத் தெரியல. கண்ணு தெரியல எனக்கு. யார்ட்டயும் சொல்லல. பயமா இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், அதில் ஒரு வார்த்தையும் பெரிதாக்கப்படவில்லை.

குருநாதன் செருப்பைக் கழற்றினான். "பொம்மைட்ட சௌக்கியம் கேட்டியே, அதாச்சும் பதில் சொல்லுச்சா?"

"பன்னீர் தெளிச்சுச்சு."

"ம்" என்றான். உள்ளே வந்தான். சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஏப்ரல் எட்டாந்தேதி எடது கண்ணு. டாக்டர்ட்ட நேத்தே பேசிட்டேன். நான் கூடப் போறேன். ராசாத்தி சாப்பாடு குடுத்துவிடுவா. நீ போயி பரீட்சை பேப்பரத் திருத்தும்மா."

தேன்மொழி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "காபித்தூள் எங்க இருக்கு?" என்று கேட்டபடி அடுப்படிக்குப் போனாள்.

மணி பதினொன்று. கண் மருந்து ஊற்றும் நேரம். என் கை எப்போதும் இமைக்கு வெளியேதான் ஊற்றும். சீசாவை அவன் வாங்கிக்கொண்டான். "மேல பாரு. ஆடாத." சரியாக ஒரு சொட்டு. "அஞ்சு நிமிசம் மூடி வையி."

மூடினேன். மருந்து உள்ளே தங்கவில்லை, வழிந்துவிட்டது. மறுபடி ஊற்றினான். அதுவும் வழிந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் கைலி நுனியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை ஊற்றினான். தங்கவில்லை.

மருந்து சரியில்லை. நாளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போட்டு வேறு சீசா வாங்க வேண்டும்.